ஒளி எலெக்ட்ரானைப் பறிக்கும் முறை: ஓர் அறிவியற் கருத்தும் அதன் பெயர்களும்

ஓர் அறிவியற் கருத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுவது வழக்கம். அக்கருத்துப் பெற்ற பெயர்களின் வரலாறாகவும் அதனை எழுத இயலும். இவ்விரு வரலாறுகளும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை. செறிவுமிக்க லேசர்த் துடிப்புகள் அணுக்களிலிருந்தும் எளிய மூலக்கூறுகளிலிருந்தும் எலெக்ட்ரான்களைப் பறிக்கும் நிகழ்ச்சி இதற்கு நல்லதொரு சான்று. இத்துறையின் முன்னோடிக் கட்டுரைகள் என இன்று மேற்கோள் காட்டப்படுவனவற்றுட் பலவற்றின் தலைப்புகளில், அவை எந்தப் பெயருக்காக மேற்கோள் காட்டப்படுகின்றனவோ அந்தப் பெயர் இல்லை. பெயர் பின்னர் வந்தது. வந்த பெயரோ தன்னுடன் ஒரு கோட்பாட்டையும் சுமந்து வந்தது. சொல்லைப் பெயர்ப்பவர் அக்கோட்பாட்டையும் சேர்த்தே பெயர்க்கிறார் என்பதால், இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாகிறது.

அடிப்படைச் சொற்கள்

'அயான்' என்னும் சொல்லை 1834இல் மைக்கேல் ஃபாரடே வழக்கிற்குக் கொண்டுவந்தார். சொல்லை ஆக்கித் தந்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல். கிரேக்கத்தில் அது 'செல்வது' எனப் பொருள்படும் வினையெச்ச வடிவம். கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்வாயை நோக்கிச் செல்லும் பொருளையே ஃபாரடே அப்பெயரால் குறித்தார். ஓர் அணுவிலிருந்து எதையோ பறித்து எடுத்தபின் எஞ்சுவது என்னும் இன்றைய பொருள் அதில் இல்லை. அப்படி ஒன்றைப் பறிக்க முடியும் என்ற எண்ணமே அன்று தோன்றியிருக்கவில்லை. தமிழில் 'அயனி' என்பது ஒலிபெயர்ப்பாக வந்த சொல். எனினும் ஒரு சுவையான தற்செயல் இங்கு உண்டு. உத்தராயணம், தட்சிணாயனம் ஆகியவற்றில் உள்ள 'அயனம்' என்னும் வடசொல்லும் 'செல்லுதல்' என்னும் பொருளதே. கிரேக்கச் சொல்லுக்கும் அதற்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றே. ஒலியை மட்டும் கருதி ஆக்கப்பட்ட சொல் பொருளாலும் பொருந்திவிட்டது. கலைச்சொல் ஆக்குவோர்க்கு இத்தகைய நல்வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை.

'எலெக்ட்ரான்' என்பதன் கதை சற்று வேறு. 1891இல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி அதனை மின்னூட்டத்தின் அடிப்படை அலகுக்குப் பெயராக இட்டார், துகளுக்கு அன்று. 1897இல் துகளை இனங்கண்ட ஜே. ஜே. தாம்சன் அதனை வேறொரு சொல்லால் வழங்கினார். அலகின் பெயர் துகளின் மேல் ஏறியது பின்னரே. தமிழில் இதற்கு மின்னணு, எதிர்மின்னி, எலெக்ட்ரான் என்பன வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'இலத்திரன்' என்பதைக் கையாளுகின்றன. 'மின்னணு' என்பது தொழில்நுட்ப வழக்கில் வேரூன்றிய நல்ல சொல். ஆயினும் இங்கே பேசப்படும் பொருளுக்கு அது இடர் தருகிறது. 'அணுவிலிருந்து மின்னணு நீக்கம்' என்று எழுதும்போது, நீக்கப்படுவதும் எஞ்சுவதும் இரண்டும் அணுவாகவே வாசகருக்குத் தோன்றும். முழுமையும் அதன் பகுதியும் ஒரே பெயர்ச்சொல்லால் சுட்டப்படும் இடங்களில் இக்குழப்பம் தவிர்க்க இயலாதது. எனவே இக்கட்டுரை எலெக்ட்ரான் என்பதையே கொள்கிறது.

ஒளியின் துகளுக்கான 'ஃபோட்டான்' என்னும் பெயரைப் பரப்பியவர் வேதியியலறிஞர் கில்பர்ட் லூயிஸ், ஆண்டு 1926. அவர் கருதிய பொருளும் இன்றைய பொருளும் ஒன்றல்ல. கோட்பாடு கைவிடப்பட்டது, பெயர் நின்றது. 1905இல் ஐன்ஸ்டைன் எழுதியது 'ஒளிக் குவாண்டம்' பற்றியே. தமிழில் 'ஒளியன்' என்னும் ஆக்கம் சுருக்கமும் செறிவும் உடையது.

ஒன்றுக்கு ஒன்று என்னும் விதி

1887இல் ஹெர்ட்ஸ் கண்ட ஒளிமின் விளைவில் வியப்புக்குரிய செய்தி ஒன்று இருந்தது. வெளிவரும் எலெக்ட்ரானின் ஆற்றல் ஒளியின் செறிவைப் பொறுத்ததன்று என லெனார்ட் 1902இல் காட்டினார். ஐன்ஸ்டைன் தந்த விளக்கம் எளிமையானது: ஓர் ஒளியன் ஓர் எலெக்ட்ரானுக்குத் தன் ஆற்றலை அளிக்கிறது, அந்த ஆற்றல் போதாதெனில் எத்தனை ஒளியன்கள் வந்து விழுந்தாலும் பயனில்லை. ஒரு ரூபாய் நாணயம் மட்டுமே ஏற்கும் எடைபார்க்கும் இயந்திரத்தில் கைநிறைய ஐம்பது காசுகளைப் போட்டாலும் சீட்டு வாராமை போன்றது இது.

இவ்விதிக்கு விலக்கு உண்டு என்பதை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் மரியா கோப்பர்ட்-மேயர். கோட்டிங்கனில் மாக்ஸ் பார்னிடம் ஆய்வு செய்த அவர், 1931இல் வெளியான தம் ஆய்வேட்டுக் கட்டுரையில், ஓர் அணு இரண்டு ஒளிக் குவாண்டங்களை ஒரே செயலில் ஏற்கக்கூடும் என நிறுவினார். அதன் ஜெர்மன் தலைப்பைத் தமிழில் 'இரு குவாண்டத் தாவல்களை உடைய அடிப்படைச் செயல்கள்' எனலாம். அடையாக நிற்பது 'தாவல்'. அதாவது, எண்ணப்படுவது ஒளியின் துகள்களன்று, நிகழ்ச்சியின் படிகள். 'இரு-ஒளியன் உட்கவர்தல்' என்று இன்று நாம் சொல்லும்போது எண்ணிக்கை நிகழ்ச்சியிலிருந்து பொருளுக்கு மாறிவிடுகிறது. இலக்கணத்தில் வினையடை பெயரடையாவது போன்ற இம்மாற்றம், பின்னால் எழுந்த பெரும் விவாதம் ஒன்றிற்கு விதையாயிற்று.

இவ்விளைவைச் சோதனையில் காண முப்பது ஆண்டுகள் ஆயின. 1960 மே மாதத்தில் தியோடர் மைமன் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார்; மறு ஆண்டே கைசரும் கேரட்டும் ஐரோப்பியம் கலந்த கால்சியம் ஃபுளூரைடுப் படிகத்தில் இரு-ஒளியன் உட்கவர்தலைக் கண்டனர். 'லேசர்' என்னும் பெயரும் அன்று உறுதிப்படவில்லை. கார்டன் கூல்ட் 1957இல் தம் குறிப்பேட்டில் எழுதிய சுருக்கப்பெயர் அது. ஷாலோவும் டவுன்சும் 1958இல் எழுதிய கட்டுரை 'ஒளியியல் மேசர்' என்றே பேசியது.

மாஸ்கோவில் இரு கட்டுரைகள்

1964-65ஆம் ஆண்டுகளில் மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் நிறுவனத்திலிருந்து வெளிவந்த இரு கட்டுரைகள் இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. ஒன்று கோட்பாடு, மற்றது சோதனை.

சோதனையைச் செய்தவர்கள் வொரோனோவும் டெலோனும். செனான் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானை அகற்ற 12.13 எலெக்ட்ரான்-வோல்ட் வேண்டும். ரூபி லேசரின் ஓர் ஒளியன் தருவது ஏறத்தாழ 1.79 மட்டுமே. ஆகவே குறைந்தது ஏழு ஒளியன்கள் வேண்டும். செனான் அயனிகள் கிடைத்தன. 'பல-ஒளியன் அயனியாக்கம்' அணுக்களில் முதன்முதலாகக் காணப்பட்டது என வரலாறுகள் எழுதுகின்றன. ஆனால் அக்கட்டுரையின் தலைப்போ, ரூபி லேசர்க் கதிர்வீச்சின் 'மின்புலத்தால்' செனான் அணு அயனியாதல் என்று அமைந்தது. ஒளியன் என்னும் சொல் தலைப்பில் இல்லை. அதே ஆண்டில் அக்குழுவினர் ஹைட்ரஜன் மூலக்கூற்றையும் இவ்வாறே ஆராய்ந்தனர். மூலக்கூறுகளின் கதை அங்கே தொடங்குகிறது.

கோட்பாட்டுக் கட்டுரையை எழுதியவர் லியோனிட் கெல்டிஷ். வலிய மின்காந்த அலையின் புலத்தில் அயனியாதல் என்பது அதன் பொருள். புலம் மெதுவாக ஊசலாடினால், அணுவைச் சூழ்ந்த ஆற்றல் அரண் ஒருபுறம் சாய்ந்து மெலிகிறது. எலெக்ட்ரான் அதனை ஊடுருவி வெளியேறுகிறது. விரைவாக ஊசலாடினால், எலெக்ட்ரான் பல ஒளியன்களை ஏற்று அரணின் மேலேறிச் செல்வது போலக் கணக்கு அமைகிறது. இவை இருவேறு நிகழ்ச்சிகள் அல்ல, ஒன்றன் இரு எல்லைகளே என்பது கெல்டிஷின் முடிபு. எந்த எல்லைக்கு அருகில் இருக்கிறோம் என்பதை ஓர் எண் காட்டும். அவ்வெண் ஒன்றினும் மிகப் பெரிதாயின் பல-ஒளியன் நிலை; மிகச் சிறிதாயின் ஊடுருவல் நிலை.

இக்கட்டுரை பரவிய வழி மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருமை தருவது. ருஷ்ய மூலம் 1964இல் வெளிவந்தது. சோவியத் இயற்பியல் இதழை அட்டை முதல் அட்டை வரை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிடும் பணியை அமெரிக்க இயற்பியல் நிறுவனம் 1955இலேயே தொடங்கியிருந்தது. அதன்வழி ஆங்கில வடிவம் 1965இல் வந்தது. ஒரே கட்டுரைக்கு இரு ஆண்டுகள் வழங்குவது இதனால்தான். உலகம் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது மொழிபெயர்ப்பின் ஆண்டையே. பெயர்த்தவரின் பெயரோ மேற்கோளில் இடம்பெறுவதில்லை.

இங்கு 'ஊடுருவல்' எனப்பட்டதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்குவது 'டனல்' என்னும் உருவகம். காமோவும், கர்னி-காண்டன் இருவரும் 1928இல் அணுக்கருச் சிதைவை விளக்கியபோது கருத்து வந்துவிட்டது. பெயர் 1930களின் தொடக்கத்திலேயே நிலைபெற்றது. தமிழ்ப் பாடநூல்கள் சிலவற்றில் 'சுரங்க விளைவு' எனக் காணப்படுகிறது. சுரங்கம் என்பது தமிழில் நிலக்கரி தோண்டும் இடத்தையும் குறிக்கும், கோட்டையிலிருந்து தப்பும் வழியையும் குறிக்கும். அதுவும் 'சுருங்கா' என்னும் வடசொல் வழியாகக் கிரேக்க 'சிரிங்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்பர். பிறப்பு எதுவாயினும், உருவகத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. சுரங்கம் என்றால் தோண்டியவர் ஒருவர் இருப்பார், போனபின் வழி எஞ்சும். எலெக்ட்ரான் எதையும் தோண்டுவதில்லை, எதையும் விட்டுச் செல்வதுமில்லை. 'ஊடுருவல்' இக்குறையற்றது; ஆயினும் அது ஊசி துணியை ஊடுருவுவதற்கும் பொது. 'அரண் ஊடுருவல்' என அடையடுத்து வழங்கினால் பெரும்பாலும் போதும்.

பெயரிட முடியாத நடுப்பகுதி

1985இல் ராச்செஸ்டரில் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூருவும் துடிப்பை நீட்டிப் பெருக்கிப் பின் சுருக்கும் உத்தியைக் கண்டனர். 2018ஆம் ஆண்டின் இயற்பியல் நொபெல் பரிசில் பாதி இதற்காக இவ்விருவருக்கும் கிடைத்தது. இதன்பின் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி கோடி வாட் என்னும் செறிவு சிறு ஆய்வகங்களிலும் கைவந்தது. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் உணரும் மின்புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 514 கோடி வோல்ட். ஒளியின் புலம் இதனோடு ஒப்பிடத் தக்கதாயிற்று.

இனி ஒரு கணக்கு. 800 நானோமீட்டர் அலைநீளம், மேற்சொன்ன செறிவு, செனான் அணு — இம்மூன்றையும் வைத்துக் கெல்டிஷின் எண்ணைக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 1. அதாவது, மிகப் பலரும் செய்த சோதனைகள் இரு எல்லைகளுக்கும் நடுவே விழுகின்றன. பல-ஒளியன் என்றாலும் முழுமையன்று, ஊடுருவல் என்றாலும் முழுமையன்று. பெயர்கள் இரண்டும் எல்லைகளுக்கு உரியவை. நிகழ்ச்சியோ நடுவில் வாழ்கிறது. வண்ணப் பெயர்களை ஆராய்ந்த மொழியியலாளர்க்கு இந்நிலை புதிதன்று.

இதன் விளைவு எழுத்தில் தெரிகிறது. 1979இல் சாக்லேயில் பியர் அகோஸ்தினியும் உடனுழைத்தோரும், செனானில் ஆறு ஒளியன்கள் போதுமான இடத்தில் எலெக்ட்ரான் ஏழாவதையும் ஏற்று வெளியேறுவதைக் கண்டனர். அவர்கள் இட்ட தலைப்பு, ஆறு-ஒளியன் அயனியாக்கத்தைத் தொடரும் 'கட்டற்ற நிலையிலிருந்து கட்டற்ற நிலைக்கு மாற்றங்கள்'. எலெக்ட்ரான் முதலில் விடுபட்டு, பின்பே மிகையொளியனை ஏற்கிறது என்னும் கொள்கை அத்தலைப்பில் உள்ளது. இன்று வழங்கும் பெயரோ 'தொடக்க வரம்புக்கு மேலான அயனியாக்கம்'. அது முன்பின் எதையும் சொல்லாமல் அளவை மட்டும் சொல்கிறது. இதனை 'வரம்பு மீறிய அயனியாக்கம்' எனப் பெயர்த்தால், தமிழில் 'வரம்பு மீறல்' ஒழுக்கக்கேடாகிவிடும். அகோஸ்தினி 2023இல் ஃபெரென்ட்ஸ் கிரௌஸ், ஆன் லுயிலியே ஆகியோருடன் நொபெல் பரிசைப் பகிர்ந்தார்.

1993இல் கனடாவின் பால் கார்க்கம் தந்த படம் இன்னும் தெளிவானது: எலெக்ட்ரான் அரணை ஊடுருவி வெளியேறுகிறது, புலம் அதனை இழுத்துச் சென்று, திசைமாறும்போது திரும்பக் கொணர்கிறது, தாயயனியோடு அது மோதுகிறது. இது முற்றிலும் ஊடுருவலை அடியாகக் கொண்ட படம். ஆனால் கட்டுரைத் தலைப்பில் நிற்பது 'பல-ஒளியன் அயனியாக்கம்' என்பதே. சொல், கோட்பாட்டைக் கழற்றிவிட்டு, துறையின் பெயராக மட்டும் எஞ்சிவிட்டதை இது காட்டுகிறது. இத்தகைய இடத்தில் பெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தால் வாசகர் தவறான கோட்பாட்டைப் பெறுவார். பொருளுக்கு உண்மையாக இருந்தால் தலைப்பை மாற்றியவராவார். தலைப்பை உள்ளவாறே பெயர்த்து, உரையில் விளக்கிச் செல்வதே தக்கது.

எளிய மூலக்கூறுகள்

அணுவுக்கு ஆக்கிய சொற்கள் மூலக்கூற்றிடம் வந்தபோது நெருக்கடி கூடியது. 'எளிய' என்னும் அடை வேதியியலார்க்கு உரியது. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை ஈரணு மூலக்கூறுகள் என்பதே அதன் பொருள். அவற்றின் நடத்தையில் எளிமை இல்லை.

1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கோட்லிங், ஃபிராசின்ஸ்கி, ஹேதர்லி ஆகியோர் நைட்ரஜன் போன்றவற்றைச் செறிந்த துடிப்புகளுக்கு உட்படுத்தினர். எலெக்ட்ரான்கள் பல பறிக்கப்பட, எஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்தன. இதற்குக் 'கூலும் வெடிப்பு' என்று பெயர். நைட்ரஜனில் அணுக்களிடை தொலைவு 1.10 ஆங்ஸ்ட்ராம், அத்தொலைவில் ஓரலகு மின்னூட்டமுள்ள இரு அயனிகள் பிரிந்தால் ஏறத்தாழ 13 எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் வெளிப்பட வேண்டும். கிடைத்ததோ அதில் ஏறக்குறையப் பாதி. மின்னூட்டம் கூடிய அயனி இணைகளை அளந்தபோதும் குறைவு ஏறத்தாழ அதே விகிதத்தில் இருந்தது.

இவ்விகித ஒருமைப்பாடே துப்பாயிற்று. எலெக்ட்ரான்கள் மூலக்கூறு இயல்பாக இருக்கும் நிலையில் மொத்தமாகப் பறிக்கப்படவில்லை. பிணைப்பு நீண்டு ஒரு குறிப்பிட்ட தொலைவை எட்டும்போதே அடுத்தடுத்துப் பறிக்கப்படுகின்றன. 1995இல் ஷெர்புரூக்கில் ட்சுவோவும் பாண்ட்ரௌக்கும், அதே ஆண்டில் சைடமன், இவானோவ், கார்க்கம் ஆகியோரும் இதன் காரணத்தைக் கணக்கிட்டனர். பிணைப்பு நீளும்போது இரு கருக்களுக்கிடையே உள்ளரண் ஒன்று உயர்கிறது. ஒளிப்புலம் ஒரு கருவின் பக்கத்தை மேலே தூக்குகிறது. அங்கு அகப்பட்ட எலெக்ட்ரான் உள்ளரணைக் கடந்தால் வெளியரணையும் தாண்டிவிடும். தொலைவு மிகக் குறைந்தால் இந்த ஏற்பாடு இல்லை. மிகக் கூடினால் உள்ளரண் கடக்க முடியாததாகிறது. இடைப்பட்ட தொலைவில், ஹைட்ரஜன் மூலக்கூற்று அயனி தனி ஹைட்ரஜன் அணுவை விடவும் எளிதில் எலெக்ட்ரானை இழக்கிறது.

'வெடிப்பு' என்னும் சொல்லை இந்த வரலாற்றின் ஒளியில் மீண்டும் நோக்க வேண்டும். வெடிப்பு என்றால் ஒரு கணத்தில் நிகழ்வது. முதலில் நீட்சி, பிறகு பறிப்பு, பிறகு பிரிவு என்னும் வரிசையை அச்சொல் மறைத்துவிட்டது. ஆற்றல் பாதியாகக் குறைந்தது ஏன் என்னும் வினா புதிராகத் தோன்றியதற்கு அப்பெயரும் ஒரு காரணம் எனக் கொள்வது மிகையாகாது. 1990இல் பெல் ஆய்வகத்தில் பக்ஸ்பாமும் உடனுழைத்தோரும் கண்ட மற்றொரு விளைவு, ஒளிப்புலத்தில் ஹைட்ரஜன் மூலக்கூற்று அயனியின் பிணைப்பு வலுவிழத்தல். அவர்கள் வழங்கிய சொல்லை நேராகப் பெயர்த்தால் 'மென்மையாதல்' ஆகும். ஆனால் தமிழில் மென்மை பூவுக்கும் சொல்லுக்கும் உரியது. கட்டு தளர்வதற்கு 'நெகிழ்தல்' என்னும் சொல் பழைய இலக்கியம் தொட்டே உண்டு. கைவளை நெகிழ்ந்தது என்று எழுதிய மொழிக்குப் 'பிணைப்பு நெகிழ்வு' அயலாகாது.

ஆக்சிஜன் எழுப்பிய சிக்கல் இதனினும் நுட்பமானது. ஊடுருவல் கோட்பாட்டின்படி, எலெக்ட்ரானை அகற்றத் தேவைப்படும் ஆற்றல் ஒத்த இரு பொருள்கள் ஏறத்தாழ ஒரே வீதத்தில் அயனியாக வேண்டும். நைட்ரஜனும் (15.58) ஆர்கானும் (15.76) அவ்வாறே நடந்தன. ஆக்சிஜனின் ஆற்றல் 12.07, செனானின் ஆற்றல் 12.13 எலெக்ட்ரான்-வோல்ட், ஆயினும் ஆக்சிஜன் செனானை விட மிகக் குறைவாகவே அயனியாயிற்று. கெபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தில் தலெப்பூர், சியன், சின் ஆகியோர் இதனை 1996இல் அளந்தனர். 2000இல் முத்-போம், பெக்கர், ஃபைசல் மூவரும் தந்த விளக்கம்: ஆக்சிஜனின் வெளி எலெக்ட்ரான் இருக்கும் மண்டிலத்தில் இரு கருக்களின் அருகேயுள்ள அலைப் பகுதிகள் எதிர்க்குறி உடையன, இரு மையங்களிலிருந்தும் புறப்படும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. நைட்ரஜனின் வெளிமண்டிலத்தில் அந்த எதிர்மை இல்லை. எத்துணை ஆற்றல் வேண்டும் என்பதோடு மண்டிலத்தின் வடிவமும் எலெக்ட்ரான் வெளியேறுதலை முடிவுசெய்கிறது என்பது தெளிவாயிற்று. 2003இல் லித்வின்யுக்கும் உடனுழைத்தோரும் நைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு திசையில் வரிசைப்படுத்திச் சோதித்தபோது, ஒளிப்புலத்துக்கு இணையாக நின்றவை குறுக்காக நின்றவற்றைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு எளிதாக அயனியாயின.

ஆக்சிஜனின் இந்நடத்தைக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் 'அயனியாக்கம் அடக்கப்படுதல்' என்னும் பொருளது. முன்னோடிக் கட்டுரைகளுள் தலைப்பிலேயே பெயரைச் சுமந்த சிலவற்றில் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒன்று. 'அடக்கு' என்பது தமிழில் செய்வோனை வேண்டும் வினை. யார் அடக்கினார் என்னும் வினா உடனே எழும். ஒளியா, மூலக்கூறா எனத் தேடத் தோன்றும். இங்கே அடக்கியவர் எவரும் இலர். இரு அலைகள் தம்முள் கழிந்தன, அவ்வளவே. தன்வினையாக 'அயனியாக்கக் குறைவு' என்றால் நிகழ்ச்சி கெடாது. ஆனால் செனானோடு ஒப்பிட்டே குறைவு என்னும் செய்தி விடுபடும். 'ஒப்பளவில் குன்றிய அயனியாக்கம்' என்பது நீளமாயினும், எதனோடு ஒப்பிட்டு என்று வாசகர் கேட்பதற்கு இடம் வைக்கிறது.